வயல் சேற்றில் மூச்சு

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் இலுக்கும்புரவின் படிவயல்கள் தெரியும். நீர் கட்டிய வயலொன்றில் சேற்றைக் கிளறிப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் மட்டும் பழுப்பு. அதன் கீழே சாம்பல். இந்த நிறமாற்றம் பற்றீரியாக்களின் வேலை.

காற்றில் பரவுவதைவிட நீரில் ஒட்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். எனவே நீர் கட்டிய ஓரிரு நாளிலேயே அடிச்சேற்றின் ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் சுவாசித்துத் தீர்த்துவிடும். உணவிலிருந்து கழன்ற இலத்திரன்களை வாங்கிக்கொள்வதே சுவாசத்தில் ஒட்சிசனின் பணி. அது தீர்ந்ததும் நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று அடுத்தடுத்து வேறு பொருள்களிடம் இலத்திரனைக் கொடுத்துப் பிழைக்கும் இனங்கள் தலைதூக்குகின்றன. செம்பழுப்பு இரும்பு இலத்திரனை வாங்கிக் கரைந்துபோவதால்தான் சேறு சாம்பலாகிறது. அழுகிய முட்டை வாடை சல்பேற்றிலிருந்து வருவது. கால் அழுந்தும்போது எழும் குமிழிகளில் இருப்பது மெதேன். அதை உண்டாக்குபவை பற்றீரியாவுக்கு அயலான ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள்.

ஒட்சிசனோடு வாழ்வதில் இலாபம் அதிகம். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கலத்தின் ஆற்றல் நாணயமான ஏரிபி (ATP) ஏறத்தாழ 30 கிடைக்கும். வெறும் நொதித்தலில் இரண்டுதான். ஆனால் ஒட்சிசன் கலத்துக்குள் நச்சுத் துணைப்பொருள்களையும் பிறப்பிக்கும். அவற்றை முறிக்கும் நொதியங்கள் போதிய அளவு இல்லாத இனங்களுக்குக் காற்றே எமன். 1861இல் லூயி பாஸ்டர் இதைக் கண்ணாலேயே பார்த்தார்: நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த துளியில், காற்றுப்பட்ட ஓரத்துப் பற்றீரியாக்கள் அசைவற்றுக் கிடந்தன, நடுவிலிருந்தவை நீந்திக்கொண்டிருந்தன. இரு நிலையிலும் வாழத் தெரிந்தவையும் உண்டு. நம் குடலிலுள்ள ஈ.கோலை அப்படிப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது நெல்லின் வேர். நாற்றைப் பிடுங்கிக் கழுவினால் வெள்ளை வேரில் செம்மஞ்சள் துருப் படலம் தெரியும். தண்டின் காற்றறைகள் வழியே இலையிலிருந்து இறங்கிய ஒட்சிசன் வேரிலிருந்து கசிந்து, கரைந்திருந்த இரும்பை அங்கே படிய வைத்திருக்கிறது. சாம்பல் சேற்றின் நடுவே, அந்த மெல்லிய உறைக்குள் காற்றுச் சுவாசப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. மெதேனை உண்பவையும் அவற்றுள் உண்டு.

விவசாயிக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. நீரின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகும். இன்னொரு பகுதியை மேல்படைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்கும். அது கீழிறங்கியதும் அடிச்சேற்றுப் பற்றீரியாக்கள் நைதரசன் வாயுவாக்கிப் பறக்கவிடும். ஆகவே அடிப்பசளையைத் தண்ணீரில் தூவாதீர்கள். சேற்றோடு கலந்து புதையுங்கள்.