வாலில் சக்கரம்... தரையில் சவால்!

குட்டீஸ்! வானத்தில் தலைகீழாகப் பறந்து, குட்டிக்கரணம் அடிக்கும் சாகச விமானத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு விமானத்தைப் புதிதாக வாங்கும் விமானிக்கு முதல் சவால் எது தெரியுமா? குட்டிக்கரணம் அல்ல... தரையில் நேராக ஓடுவது!

அமெரிக்காவின் கர்டிஸ் பிட்ஸ் உருவாக்கிய 'பிட்ஸ் ஸ்பெஷல்' புகழ்பெற்ற சாகச விமானம். முதல் விமானம் பறந்த ஆண்டு 1944. மேலொன்று, கீழொன்று என இரண்டு அடுக்கு இறக்கைகள். அதனால் இதை 'பைப்ளேன்' என்பார்கள்.

பயணிகள் விமானத்துக்கு மூக்கின் அடியில் சக்கரம் உண்டு. பிட்ஸுக்கோ முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். எடை குறைவு, அமைப்பும் எளிது. ஆனால், இதில் இரண்டு சிக்கல்கள்!

ஒன்று, தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். விமானிக்கு எதிரே உள்ள பாதை தெரியாது. அதனால் பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தரை இறங்கும்போது ஓடுபாதையின் இரு ஓரங்களையும் வைத்துத்தான் வழியைக் கணிப்பார்.

இரண்டாவது சிக்கலைப் புரிந்துகொள்ள, ஒரு துடைப்பக் கட்டையை எடுங்கள். நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் தானாகவே நேராக நிற்கும். அதையே உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஓயாமல் கையை அசைக்காவிட்டால் தொபுக்கடீர்!

மூக்குச் சக்கர விமானம் தொங்கும் கட்டை மாதிரி. எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், லேசாகத் திரும்பினாலும் தானே நேராகும். வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் பின்னால்! கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். விட்டால் விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசிவிடும். இதன் பெயர் 'கிரவுண்ட் லூப்'. இதைத் தடுக்க, விமானியின் இரு கால்களும் பெடல்களைச் சின்னச் சின்னதாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பல பிட்ஸ் விமானங்களில் ஒரே ஒரு இருக்கைதான். ஆசிரியர் கூட உட்கார முடியாது. முதல் பறத்தலே தனியாகத்தான்! எனவே, முதலில் இரண்டு இருக்கை உள்ள வால் சக்கர விமானத்தில் ஆசிரியருடன் பலமுறை இறங்கிப் பழகுவார்கள். அமெரிக்காவில், வால் சக்கர விமானத்தைப் புதிதாகப் பழகுபவர் தனியே ஓட்ட, ஆசிரியர் அவரது பதிவேட்டில் கையெழுத்திட்டே ஆக வேண்டும். இறங்கும்போது சரிவரவில்லையா? உடனே எஞ்சின் வேகத்தைக் கூட்டி மேலேறி, மறுபடி முயல வேண்டும். அது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம்!

1948-ல் 22 வயதான பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண், 'லிட்டில் ஸ்டிங்கர்' என்ற பிட்ஸ் விமானத்தை வாங்கினார். அதிலேயே 1949, 1950 ஆண்டுகளில் பெண்கள் சாகசப் போட்டியில் சாம்பியன் ஆனார். தரைக்கு மேல் சுமார் 3 மீட்டர் உயரத்தில், தலைகீழாகப் பறந்தபடியே ப்ரொப்பெல்லரால் ரிப்பன் வெட்டியவர் அவர்! அந்த விமானம் இப்போது ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்குகிறது.

வானில் எத்தனை வித்தை காட்டினாலும், சக்கரங்கள் முழுதாக நிற்கும்வரை விமானியின் வேலை முடிவதில்லை. சரிதானே குட்டீஸ்!