கமக்காரனின் கணக்கு

யாழ்ப்பாணக் கமக்காரன் புதுமையை வெறுப்பவன் என நிபுணர் சிலர் குறைகூறுவர். நாற்று நட்டால் களை குறையும், விளைவு பெருகும் என்பது அவர்கள் கணக்கு, பிழையன்று. ஆயின் இங்கு ஆறில்லை. வடகீழ்ப் பருவமழையை நம்பிப் புழுதி விதைப்புச் செய்பவனுக்கு நாற்றுமேடைக்கு நீர் ஏது? நடுகைக் கூலி கொடுத்தபின் மழை பொய்த்தால் நட்டம் யாருடையது?

1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் அளித்த எச்-4 நெல்லை இத்தீவின் கமக்காரர் விரும்பியே ஏற்றனர். விதை மாறிற்று, விதைக்கும் முறை மாறவேண்டியிருக்கவில்லை.

2021 மே மாதம் நேர்ந்தது வேறு. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் தடுக்கப்பட்டது. (பசளையிடக் கற்பித்தவர்களும் முன்னாள் நிபுணரே!) நவம்பரில் தடை நீங்கிற்று, அதற்குள் வடக்கின் பெரும்போக வயல்களில் விதைப்பு முடிந்து பயிர் நின்றது.