சவிட்டு நாடகமும் நம் தமிழும்

ஸ்காட்லாந்து மக்கள் தம் நாட்டுப்புற நடனங்களைப் பேணுவதற்கென 1923-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் ஒரு சங்கம் கண்டனர். கடல் கடந்து குடியேறிய ஊர்களிலும் அவர்கள் அவ்வாடல்களை விட்டாரில்லை. புதிதாக ஒன்றை அமைக்கும்போது, தாம் வாழும் ஊரின் பூங்காவையோ தெருவையோ அதற்குப் பெயராக இடுவதும் உண்டு. வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொள்ள இதனினும் இனிய வழி எது?

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு அத்தகைய ஆடல் உண்டா எனின், நாம் வருவதற்கு முன்னரே உண்டு. அதுவே சவிட்டு நாடகம்.

போர்த்துக்கீசியர் 1500-இல் கொச்சிக்கு வந்த பின்னர், கடற்கரையோர லத்தீன் கத்தோலிக்கரிடையே வளர்ந்த கலை இது. சவிட்டுதல் என்றால் மிதித்தல். குமரி மாவட்டத்தார் இன்றும் ‘சவுட்டு’ என்பர். ஐரோப்பியப் போர்வீரர் உடையணிந்த நடிகர்கள், செண்டையும் இலைத்தாளமும் முழங்க, பாடிக்கொண்டே பலகை மேடை அதிர மிதித்து ஆடுவர். புகழ்பெற்ற ‘காறல்மான் சரிதம்’ ஐரோப்பியப் பேரரசர் சார்லமேனின் கதை. அதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்பது மரபு. ஆசானுக்கு அண்ணாவி என்றும், நாடக ஏட்டுக்குச் சுவடி என்றும் இங்கே பெயர். யாழ்ப்பாணத்துக் கூத்திலும் ஆசான் அண்ணாவியார்தாம். பழைய பாடல்களிலோ தமிழே மிகுதி.

இங்கேதான் நாம் சற்று நாணவேண்டியிருக்கிறது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் இத்தமிழ்ப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து காத்து வந்துள்ளனர். நம் பிள்ளைகளோ, தமிழ் வீட்டுக்குள் மட்டும் பேசும் மொழியென எண்ணி, தெருவில் பேசக் கூசுகின்றனர். இம்மண்ணின் மேடையிலேயே தமிழ் ஒலித்தது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? நாமன்றோ சொல்லவேண்டும்!

எறணாகுளம் மாவட்டத்துக் கோதுருத்து இக்கலைக்குப் பேர்பெற்ற ஊர். பள்ளிக் கலைவிழாக்களிலும் இது போட்டியாக நடைபெறுகிறது. அடுத்த முறை ஆட்டம் நிகழும்போது குடும்பத்தோடு சென்று காண்போம். பாட்டில் வரும் தமிழ்ச் சொற்களின் பொருளைப் பிள்ளைகளிடம் கேட்போம். அவர்கள் அறியாதவற்றை நாம் சொல்வோம். ஸ்காட்லாந்தினர் தம் ஆடலுக்கு ஊர்ப் பெயரைச் சூட்டினர். இவ்வூர் தன் ஆடலுக்குள் நம் மொழியையே வைத்துக் காத்திருக்கிறது. அதற்கு நன்றி செலுத்துவது நம் கடனல்லவா?