றம்பொடையில் பிறந்த நாயகி

மாத்தளையிலிருந்து தெற்கே புறப்பட்டுக் கண்டியைக் கடந்து, கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்வோர் அருவிகள் வீழும் றம்பொடையைக் காண்பர். தேயிலை மலைகள் சூழ்ந்த அவ்வூரில் 1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் டெய்சி இராசம்மா டானியல் என்னும் பெண் மகவு பிறந்தது. பின்னாளில் ருக்மணி தேவி என்னும் பெயரால் இலங்கை முழுவதும் புகழ்பெற்ற நடிகை இவரே. அவர் பிறந்தது கொழும்புச் செட்டிச் சமூகத்துக் கிறித்தவக் குடும்பம். அச்சமூகத்தின் வேர் தென்னிந்தியாவில் உள்ளது. அத்தகைய குடியிற் பிறந்தவர் சிங்களத் திரையுலகின் முதல் நாயகியானது எவ்வாறு?

அதற்கு விடை அவருடைய குரலில் இருக்கின்றது. 1930களின் இறுதியில், பதின்வயதிலேயே, ரூபசிங்க மாஸ்டருடன் இணைந்து புத்தகயையைப் போற்றும் சிங்களப் பாடலொன்றை இசைத்தட்டுக்காகப் பாடினார். கிறித்தவச் சிறுமி பாடிய அப்பாட்டைப் பௌத்த இல்லங்கள் தம்முடையதாகவே ஏற்றுக்கொண்டன. கலைக்கு மதம் ஒரு தடையாய் நிற்காத நாட்களும் இந்நாட்டில் இருந்தன.

பின்னர் பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்தார். அவருடைய தம்பியும் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழுவின் ‘கடவுனு பொரொந்துவ’ நாடகமே 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் முதற் சிங்களப் பேசும்படமாகத் திரைக்கு வந்தது. பெயரின் பொருள் ‘முறிந்த வாக்குறுதி’ என்பதாகும். தயாரித்தவர் மதுரையில் படநிலையம் வைத்திருந்த எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. படப்பிடிப்பும் தென்னிந்தியாவிலேயே நடைபெற்றது. நாயகி ரஞ்சனியாக நடித்த ருக்மணி தேவி தம் பாடல்களைத் தாமே பாடினார்.

அடுத்த பத்தாண்டுகள் அவருக்குரியன. ஆயினும் அப்படங்கள் நாடக மேடையின் பிள்ளைகளே. பாடல்களிற் பல இந்தி, தமிழ் மெட்டுகளைத் தழுவியவை, உரையாடல் உரத்தது, கண்ணீரோ அளவிறந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தை நிலையத்தை விட்டு வெளியே கொண்டுசென்று கிராமத்து வெயிலில் எடுத்தார். இரசனை மாறத் தொடங்கியது. பழைய நடிப்புமுறை செயற்கையெனப்பட்டது. அம்முறையின் குறைகளுக்கு ருக்மணி தேவி ஒருவரே பொறுப்பாளியல்லர். எனினும் அதன் முகமாக விளங்கியவர் அவரே. ஆகவே இழப்பும் அவரையே பெரிதும் தாக்கியது. முதன்மைப் பாத்திரங்கள் அருகின. பிற்காலத்தில் களியாட்ட மேடைகளிற் பாடிப் பொருளீட்ட வேண்டியவரானார். முதல் நாயகி என்ற புகழ் வயிற்றுக்கு உதவவில்லை, குரல்தான் உதவியது.

காலம் ஒரு விந்தையும் செய்தது. எவருடைய படத்தால் அவர் காலம் முடிந்ததெனப்பட்டதோ, அதே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது ‘அஹசின் பொலவட்ட’ படத்தில் அவருக்கு இடமளித்தார். மேடை முழக்கமின்றி அடங்கி நடிக்கவும் அவர் வல்லவர் என்பதை நாடு அப்போதுதான் கண்டது. அது மிகத் தாமதமாகவே வந்தது.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியிற் பாடிவிட்டு நீர்கொழும்பிலுள்ள தம் இல்லத்துக்குக் காரில் திரும்புகையில், ஜாஎலவுக்கு அண்மையில் துடெல்ல என்னுமிடத்தில் நேர்ந்த விபத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 55. நீர்கொழும்பு மண்ணிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.