இளையோர் வழக்கும் மூத்தோர் புரிதலும்

இளையோர் வழக்கு என்பது ஒரு தலைமுறையைச் சேர்ந்த இளைஞர்கள் தமக்குள் பேசும்போதும் கைப்பேசியில் எழுதும்போதும் கையாளும் சொற்கள், சொற்றொடர்கள், முகக்குறிகள் ஆகியவற்றின் தொகுதி. "உருட்டு", "சம்பவம்", "பூமர்", "கிரிஞ்ச்", "வைப்" முதலியவை இன்றைய தமிழ்நாட்டில் பரவலாகக் காதில் விழுபவை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தாத்தா, பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே திரையில் கூடிவிட்ட பிறகு, முன்பு கல்லூரி விடுதிக்குள்ளும் தெருமுனையிலும் அடங்கியிருந்த இப்பேச்சு மூத்தோரின் கண்முன்னே வந்துவிட்டது. அவர்கள் இதைப் பேசக் கற்க வேண்டியதில்லை. புரிந்துகொள்ளக் கற்பதுதான் தேவை; அதற்கான காரணங்கள் சில நேரம் பெரியவை.

இலக்கணத்தில் இதன் இடம்

மொழி கெட்டுவிட்டது என்ற புலம்பல் இங்கே எளிதில் எழும். ஆனால் தமிழ் இலக்கணம் இவ்வகைப் பேச்சைப் பழங்காலத்திலேயே கண்டு பெயரிட்டிருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதவாறு தமக்குள் வழங்கும் சொல்லே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பதும், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பதும், வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பதும் பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட எடுத்துக்காட்டுகள். கல்லூரி மாணவர்களும் ஒரு குழுதான். அவர்களது சொல் வெளியாருக்கு விளங்காமல் இருப்பது அச்சொல்லின் குறையன்று. அதன் வேலையே அது.

இன்று அறுபதை எட்டியவர்களும் இதிலிருந்து விலகி நின்றவர்கள் அல்லர். "கட் அடித்தல்", "சைட் அடித்தல்", "பிட் அடித்தல்", "பீட்டர் விடுதல்", "கடலை போடுதல்" எல்லாம் அவரவர் காலத்தில் பெற்றோரை முகம் சுளிக்க வைத்தவை. சென்னைத் தமிழின் "பேஜார்", "மஜா" இரண்டும் உருது வழியாக வந்த பாரசீகச் சொற்கள். சந்திரபாபு, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் போன்ற நடிகர்கள் அந்தப் பேச்சைத் திரையில் ஒலிக்கச் செய்தபோது அதை ரசித்தவர்களே இன்றைய தாத்தாக்கள்.

சொற்கள் உருவாகும் விதம்

கேட்பவரைத் திணறடிப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள் என்று எண்ணப்படுகிறது. உண்மையில் அவைதாம் எளியவை. பெயர் ஆங்கிலமாக இருந்தாலும் வினை தமிழிலேயே நிற்கும். "கோஸ்ட் பண்ணிட்டான்" என்றால் விளக்கம் எதுவும் சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொண்டான் என்று பொருள். "ஃப்ளெக்ஸ் பண்றா" என்றால் தன்னிடம் உள்ளதைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறாள். "வைப் ஆகுது" என்றால் அந்த இடத்தோடோ பாட்டோடோ மனம் ஒன்றிப்போகிறது. யார் செய்தது, எப்போது செய்தது என்பதை வினை காட்டிவிடும். "பண்ணு" என்று வந்தால் பெரும்பாலும் ஒருவர் செய்த செயல். "ஆகு" என்று வந்தால் ஒருவருக்கு நேர்ந்த நிலை. இவ்வளவு தெரிந்தால் பாதி விளங்கிவிடும், மீதியை ஒரே கேள்வியில் கேட்டுக்கொள்ளலாம்.

ஏமாற்றுபவை தமிழ்ச் சொற்களே. தெரிந்த சொல் என்பதால் மூத்தவர் கேட்கவே மாட்டார். "உருட்டு" என்றால் பொய்யைக் கோத்துக் கதை விடுதல். "பங்கமா கலாய்ச்சுட்டான்" என்பதில் பங்கம், அவமானம் என்ற பழம்பொருளின் சாயலோடு, "மிச்சம் வைக்காமல்" என்ற அளவைக் குறிக்கிறது. "மரண" என்பது வெறும் மிகுதி காட்டும் அடையாகிவிட்டது. மரண பசி என்றால் கடும் பசி, அவ்வளவே. இவற்றுள் மிகவும் சிக்கலானது "சம்பவம்". நாளிதழில் "சம்பவ இடத்துக்குப் போலீசார் விரைந்தனர்" என்று படித்துப் பழகியவருக்கு அச்சொல் விபத்தையோ கொலையையோ நினைவூட்டும். ரவுடிகளின் பேச்சிலும் அது தாக்குதலையே குறிக்கும். கல்லூரி மாணவி ஒருத்தி, "என் ஃப்ரெண்ட் இன்னைக்கு ஸ்டேஜ்ல சம்பவம் பண்ணிட்டா" என்றால், தோழி மேடையில் அசத்திவிட்டாள் என்று பொருள். ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது.

"பூமர்" என்ற சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை பிறந்த தலைமுறைக்கு "பேபி பூமர்" என்று பெயர். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசிய இளம் உறுப்பினர் குளோயி ஸ்வார்பிரிக், இடைமறித்தவரை நோக்கி "ஓகே பூமர்" என்று சொன்னது உலகெங்கும் செய்தியானது. தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதிலிருந்து பிறந்த ஆண்டு உதிர்ந்துவிட்டது. கேளாமலே அறிவுரை சொல்பவர் முப்பது வயதுக்காரரானாலும் இங்கே "பூமர் அங்கிள்"தான். 2024இல் அப்பெயரில் ஒரு தமிழ்த் திரைப்படமும் வெளிவந்தது. ஆகவே பொருள் தேடி ஆங்கில இணைய அகராதிகளைப் புரட்டுவது எப்போதும் உதவாது; அவை அமெரிக்கப் பொருளைத் தரும், தமிழ்ப் பொருளைத் தராது.

மூத்தோருக்குச் சாதகமான பகுதியும் ஒன்று உண்டு. தமிழ் இளையோர் வழக்கில் பெரும்பங்கு பழைய திரைப்பட நகைச்சுவையிலிருந்து வருகிறது. 2019 மே மாதம் வெளிநாட்டு முகநூல் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, ஒரு தமிழர் 2001இல் வந்த "பிரண்ட்ஸ்" படத்தில் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுந்ததை உண்மைச் செய்திபோல் எழுதினார். "நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்" என்ற முழக்கம் டுவிட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு இதில் எந்த விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

அழைப்புச் சொற்கள்

பெண்கள் ஒருவரையொருவர் "டா" என்பதும், "மச்சி" என்பதும், மகன் அப்பாவையே "ப்ரோ" என்பதும் வீட்டில் சண்டைக்குக் காரணமாகின்றன. மரியாதை போய்விட்டது என்பது குற்றச்சாட்டு. ஆனால் மகளை "சாப்பிடுடா கண்ணு" என்று கொஞ்சாத தாய் அரிது. "டா" ஆண்பாலிலிருந்து நழுவி அன்புக்குறியானது அந்தத் தாய்மாரிடமே தொடங்கியது எனலாம். "மச்சான்", "மாமா" ஆகிய உறவுச் சொற்களும் நண்பர்களுக்கிடையே உறவு முறையை இழந்து நெருக்கத்தை மட்டும் காட்டுகின்றன. அப்பாவை "ப்ரோ" என்பது மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவதில் தவறில்லை.

எழுத்தும் குறியும்

பேச்சைவிடக் கைப்பேசி எழுத்தில்தான் மனத்தாங்கல் அதிகம், அதுவும் இரு திசையிலும். "ஓகே" என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது பள்ளியில் கற்ற ஒழுங்கு. பெறும் இளைஞரோ அதைக் கோபமாக வாசிக்கிறார். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைச் சொல் குறுஞ்செய்திப் பதில் முற்றுப்புள்ளியோடு முடிந்தால் மனப்பூர்வமற்றதாக மதிப்பிடப்பட்டது. கையால் எழுதிய குறிப்பில் அவ்வேறுபாடு தெரியவில்லை. மூத்தவர் மூச்சுவிடும் இடைவெளியாக இடும் மூன்று புள்ளிகள், இளையவர் கண்ணுக்கு ஏதோ சொல்லாமல் மறைப்பதாகப் படும். மண்டையோட்டுக் குறி சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்று பொருள்படுவதும், கட்டைவிரல் குறி அலட்சியமாகக் கொள்ளப்படுவதும் இவ்வகையே. பிரித்தானியப் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் "எல்ஓஎல்" என்பதை "மிகுந்த அன்புடன்" என்று எண்ணிக் குறுஞ்செய்திகளில் எழுதிவந்ததாக, 2012இல் லெவ்சன் விசாரணையில் ரெபெக்கா புரூக்ஸ் சாட்சியம் அளித்தார். உரக்கச் சிரிப்பதைக் குறிக்கும் சுருக்கம் அது.

புரியாமல் போவதன் விலை

2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வெளியான "அடோலசென்ஸ்" என்ற பிரித்தானியத் தொடரில், கொலையுண்ட மாணவி குற்றம் சாட்டப்பட்ட சிறுவனின் படங்களுக்குக் கீழே இட்ட குறிகளை நட்பின் அடையாளமாகக் கொள்கிறார் விசாரணை அதிகாரி. அவை கேலி என்பதை அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன்தான் விளக்குகிறான். கதை கற்பனை, அந்த இடைவெளி கற்பனை அன்று.

இளையோர் பேச்சில் சாவு மலிவான சொல். "செத்துட்டேன்", "டிப்ரெஷன் ஆகுது" என்பவை தேர்வு வினாத்தாளுக்கும் மின்வெட்டுக்கும்கூடச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பதறினால் பிள்ளைகள் வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள்; எல்லாவற்றையும் பகடி என்று தள்ளினால் உண்மையான ஒன்று கண்ணில் படாமல் போகும். இங்கே சொல்லைவிட உடன் வரும் மாற்றங்களே துணை: தூக்கம், சாப்பாடு, நண்பர்களிடமிருந்து விலகல், பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல். ஐயம் வந்தால் நேரடியாகவே கேட்கலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பது மனநல மருத்துவத்தில் ஏற்கப்பட்ட கருத்து. 14416 என்ற எண்ணில் இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கற்றுக்கொள்ளும் வழி

அகராதியைவிடப் பேரப்பிள்ளையே மேல். "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்கும் பாட்டியிடம் எந்தப் பிள்ளையும் கோபிப்பதில்லை, கேட்ட சொல்லை மறுநாளே தானும் பயன்படுத்தத் தொடங்கும் மாமாவைத்தான் "கிரிஞ்ச்" என்கிறார்கள். பொருளோடு, அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை; இச்சொற்கள் சில மாதங்களில் பழசாகிவிடும். சிலவற்றுக்குப் பொருளே இல்லாமலும் இருக்கலாம். ஆங்கில அகராதித் தளமான டிக்‌ஷனரி.காம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக "67" என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது. சிறுவர்கள் ஓயாமல் கத்திய அதற்கு நிலையான பொருள் எதுவும் கிடையாது. பெரியவர்கள் குழம்புவதைப் பார்ப்பதே அதில் பாதி இன்பம். பிள்ளைகளின் கைப்பேசியை மறைவாகத் திறந்து சொற்களுக்குப் பொருள் தேடுவது கற்றல் ஆகாது, வேவு பார்த்தல் ஆகும்.

கற்றல் ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டியதில்லை. "தந்தி வந்திருக்கு" என்ற இரண்டு சொல் கேட்டதும் முந்தைய தலைமுறை வீடுகளில் ஏன் அழுகை எழுந்தது என்பது, 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்ற பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கினால்தான் தெரியும்.