பழைய ஜீப்பைப் பேணும் முறை

மலைச்சரிவுகளிலும், செப்பனிடப்படாத பாதையன்றி வேறு வழியில்லாத சிற்றூர்களிலும், விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதில் ஜீப் வண்டிக்கு ஈடான ஊர்தியைக் காண்பது அரிது. போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஏறும் தொழிலாளரையும், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தைக் காணச் செல்வோரையும் சுமந்து வருபவை இவ்வண்டிகளே. இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக அமெரிக்க நாட்டில் உருவான இவ்வண்டியின் பாகங்களைத் தருவித்துப் பூட்டும் பணியை 1940களின் இறுதியில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் தொடங்கிற்று. பின்னர் 1980களில் எம்.எம். 540 என்னும் வகை வந்தது. இதில் பெழோ கம்பெனியின் அமைப்பைத் தழுவிய 2112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் பூட்டப்பட்டது. நம் அங்கத்தினர்களிடம் உள்ள பழைய வண்டிகளுட் பல இவ்வினத்தைச் சார்ந்தவை.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது நாம் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. வண்டி பழுதுபார்த்த செலவு என்ற தலைப்பின் கீழ் ஒரே பாகத்திற்கு ஓராண்டில் மும்முறை பணம் எழுதப்பட்டிருக்கும். ஆனால் எக்காரணத்தால் அப்பாகம் கெட்டது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் இராது. நோயின் மூலத்தை ஆராயாமல் மருந்துக்கு மட்டும் பணம் கொடுத்தல் போன்றது இது. தறியில் பாவு நூல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அறுந்தால் நெசவாளர் முடிச்சு மட்டும் போட்டுக்கொண்டிரார். அச்சையும் விழுதையும் நோக்குவார். அந்தப் பழக்கத்தையே வண்டிக்கும் கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி கிளம்பாதபோது

கிளம்பாத வண்டியில் முதலில் ஆராய வேண்டியது ஒன்றே: செல்ப் மோட்டார் எஞ்சினை நன்கு சுழற்றுகிறதா, இல்லையா? சுழற்றவில்லையெனின் குறை மின்சாரத்தில் இருக்கிறது. நன்கு சுழற்றியும் எஞ்சின் பற்றவில்லையெனின் குறை பெரும்பாலும் எரிபொருளில் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கையில் ஸ்பேனரை எடுத்தல் கூடாது.

மின்சாரக் குறையை அறிய மின்னழுத்தம் காட்டும் சிறு மீட்டர் ஒன்று போதும். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பேட்டரி, நிறைந்த நிலையில் 12.6 வோல்ட்டு அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது ஏறக்குறைய வற்றிவிட்டது எனலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். அவ்வாறு ஏறாவிடில் பேட்டரியைக் குறை கூறுவது தவறு. அதற்கு ஊட்டமளிக்கும் ஆல்டர்னேட்டரையோ, அதைச் சுழற்றும் பெல்ட்டையோ பார்க்கவேண்டும். பேட்டரி நன்றாயிருந்தும் மோட்டார் முனகினால், முனைகளில் பூத்துள்ள வெண்பொடியையும், எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டையையும் கவனிக்கவேண்டும். துருப்பிடித்த எர்த் பட்டையால் நல்ல பேட்டரியைக் கழித்துப் புதிது வாங்கினோர் பலர். முனைகளைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், பூட்டும்போது அதனையே இறுதியிலும் கையாளவேண்டும். பேட்டரியிலிருந்து எரியும் தன்மையுள்ள வாயு எழுவதால் அருகில் பீடி, விளக்கு ஆகியவை ஆகா.

எரிபொருள் குறையாயின், டீசல் வண்டிகளில் மிகப் பெரும்பான்மையான காரணம் குழாயில் காற்றுப் புகுதல். டாங்க்கு ஒருமுறை வற்றியிருந்தாலோ, வடிகட்டியை மாற்றியிருந்தாலோ காற்று உட்புகும். வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரையும் குமிழியும் வரும்; அவை நின்று தெளிந்த டீசல் வரும்போது திருகை இறுக்கவேண்டும். மெக்கானிக்குகள் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். அதன் பின்னும் கிளம்பாவிடில் நாசிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப்பைச் சுழற்றிக் காற்றை வெளியேற்றலாம். அப்போது கையை அருகில் கொண்டுபோதல் ஆகாது. நாசிலின் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. அத்தகைய காயத்திற்கு உடனே மருத்துவமனை செல்லவேண்டும். குளிர்ந்த மலைக்காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும் எஞ்சினாயின் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கவேண்டும்.

புகை கூறும் செய்தி

சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தைக் கொண்டே பல குறைகளை அறியலாம். கரும்புகை, எரிபொருள் மிகுதியாகவும் காற்று குறைவாகவும் செல்வதைக் காட்டும். முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்து பார்க்கவேண்டும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். குளிர்காலையில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும் வெண்புகை இயல்பானதே. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது, ரேடியேட்டரில் தண்ணீரும் நாள்தோறும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட் கெட்டதோ என ஐயுறவேண்டும். அந்நிலையில் வண்டியை ஓட்டுவது சிறு செலவைப் பெருஞ்செலவாக்கும்.

ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடவேண்டும். சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் பெருந்தீங்கு. கொதிநீர் முகத்தில் பாயும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக்கூடும். பேன் பெல்ட்டின் நடுவே விரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் உள்வாங்கவேண்டும். அதனினும் மிகத் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும்.

நான்கு சக்கர விசை

முன்சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்தும் நெம்பைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. இப்பழைய வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் அமைப்பு இல்லை. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டியவை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. எனவே அச்சுக்கும் கியருக்கும் இடையே முறுக்கம் சேர்கின்றது. நெம்பு நகர மறுப்பதும், டயர் விரைவில் தேய்வதும், ஜாயிண்டுகள் உடைவதும் இதன் விளைவே. ஆகவே கெட்டியான உலர்ந்த சாலையில் முன்விசையை நீக்கிவிடவேண்டும். நெம்பு இறுகிக்கொண்டால் வலுக்கட்டாயமாக இழுக்காமல், வண்டியைச் சில அடிகள் பின்னுக்குச் செலுத்தினால் முறுக்கம் தளர்ந்து எளிதில் விடுபடும். இதே காரணத்தால் நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் இன்றியமையாதது.

தாழ்ந்த வீச்சுக் கியரை, முன்விசை சேர்ந்த பின்னரே, வண்டியை நிறுத்திப் போடவேண்டும். முன்விசை சேர்ந்திருப்பதால் வண்டி விரைவில் நிற்கும் என எண்ணுதல் பிழை. அது ஏறுவதற்கு உதவுமேயன்றி பிரேக்கின் வேலையைச் செய்யாது.

ஓடையைக் கடந்தபின் கியர்ப்பெட்டி, டிப்ரன்ஷியல் ஆகியவற்றின் எண்ணெயைப் பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று செல்லும் சிறு மூக்கு சேற்றால் அடைபட்டிருந்தால், சீல்களின் வழியே நீர் உள்ளிழுக்கப்படும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. உடனே வடித்துப் புதிது ஊற்றவேண்டும்.

உயிரோடு தொடர்புள்ளவை

மேற்கூறியவற்றில் தவறினால் பணம் போகும். பிரேக்கிலும் ஜாக்கியிலும் தவறினால் உயிரே போகும். ஆதலின் இப்பகுதியை அன்பர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரப் பிரேக்குகளுக்கும் எண்ணெய் செல்வது ஒரே வழியாக. எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் பயனற்றுப் போகும். பிரேக் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தால், மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டிருத்தல் பரிகாரமன்று. ஒழுகும் இடத்தைக் காணவேண்டும். பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால் காற்று புகுந்துள்ளது. ஒரே சீராக அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ குழாயோ கசிகிறது. வண்டி ஒருபுறம் இழுத்தால் மறுபுறத்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் கலந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் வெறுமையாய்ப் போகும். எனவே ஈராண்டுக்கு ஒருமுறை அதனை முழுதும் மாற்றவேண்டும். எஞ்சின் எண்ணெயை அதில் ஒரு துளியும் கலத்தல் ஆகாது. ரப்பர் உறுப்புகள் உப்பிவிடும். டிரம்மில் படிந்த தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பழைய லைனிங்குகளில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

மலையிறங்கும்போது, ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்கவேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுதல் பல குடும்பங்களைத் துயரில் ஆழ்த்திய பழக்கம்.

பழைய ஜீப்பின் கைப்பிரேக், பின்சக்கர டிரம்களைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள தனி டிரம் ஒன்றைப் பிடித்து, புரொப்பல்லர் ஷாப்ட்டின் வாயிலாகப் பின்சக்கரங்களை நிறுத்துகின்றது. இதனை அறியாதோர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்குகின்றனர். தூக்கிய சக்கரம் ஒருபுறம் சுழல, டிப்ரன்ஷியலின் வழியே தரையிலுள்ள சக்கரம் மறுபுறம் உருள இடம் பெறுகின்றது. பிரேக் இழுத்தபடியே இருக்க வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். அதுபோலவே பின் ஷாப்ட்டைக் கழற்றிவிட்டால் கைப்பிரேக்கால் பின்சக்கரங்களைப் பிடிக்க இயலாது. ஆகவே சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ அணை கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழைதல் ஆகாது. உறுதியான மரக்கட்டைகளை அடுக்கிச் சட்டத்தைத் தாங்கச் செய்யவேண்டும்.

சில பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்ப்புரியுடையன. போல்ட்டின் தலையில் 'எல்' எழுத்து காணப்படின், வழக்கத்திற்கு மாறாகச் சுழற்றிக் கழற்றவேண்டும். வலிந்து திருகினால் போல்ட் முறியும்.

பராமரிப்பு அட்டவணை

நாள்தோறும்: எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், பிரேக் எண்ணெய், டயர்க் காற்று, வண்டி நின்ற இடத்தில் தரையில் புதிய கறை உண்டா என ஒரு நோக்கு.

வாரந்தோறும்: பேட்டரி நீரும் முனைகளும், பேன் பெல்ட், காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டியில் தங்கிய நீரை வடித்தல், சக்கர நட்டுகள்.

மாதந்தோறும்: ஷாப்ட்டின் ஜாயிண்டுகள், ஸ்டியரிங் முனைகள், ஸ்பிரிங் பின்கள் ஆகியவற்றிற்குப் பழைய கிரீஸ் வெளிவரும் வரை கிரீஸ் இடுதல்; ஸ்பிரிங் பட்டைகளில் விரிசலும் யூ போல்ட்டுகளின் இறுக்கமும் பார்த்தல்; கியர்ப்பெட்டி, டிப்ரன்ஷியல் எண்ணெய் அளவு.

மழைக்காலத்திற்கு முன்: நான்கு டிரம்களையும் திறந்து லைனிங் பார்த்தல், துடைப்பான், விளக்குகள், அச்சுகளின் காற்று மூக்குகள்.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ நிலத்திலோ கொட்டாது, தகரத்தில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சுத்திகரிப்போரிடம் சேர்ப்பிக்கவேண்டும். உழவர் நிலத்தை உழவரே கெடுத்தல் தகாது.

பம்பின் அளவைத் திருத்துதல், நாசில் சோதனை, ஸ்டியரிங் பெட்டி, மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை வீட்டில் தொடாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுதலே அறிவுடைமை. குறையின் அறிகுறிகளைத் தெளிவாக எடுத்துக் கூறுவோரிடம் வேண்டாத பாகத்தை எவரும் எளிதில் தலையிற் கட்டமுடியாது என்பதும் இங்கு நினைவிற்குரியது.

இறுதியாக, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய டீசலும் எண்ணெயும், மாற்றிய பாகம், மாற்றியதன் காரணம் என்னும் ஐந்தும் அதில் ஏறவேண்டும். ஆறு மாதக் குறிப்பைப் புரட்டினால் எங்கே பணம் ஒழுகுகிறது, எந்தப் பாகம் அடுத்துத் தளரும் என்பது தானே விளங்கும். சங்கத்தின் வண்டி பொதுச்சொத்து; அதனை ஓட்டுபவர் மட்டுமன்றி, அதில் சரக்கேற்றும் ஒவ்வொரு அங்கத்தினரும் அக்குறிப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமையுடையவர். அவ்வுரிமையை அடுத்த மாதக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் பயன்படுத்துவார்களாக.