பள்ளியைக் கேள்வி கேட்கும் பெற்றோர்

இந்திய அரசுப் பள்ளிகளின் பொறுப்புடைமை, அதாவது தம் செயல்பாட்டுக்கு விளக்கம் அளிக்க வேண்டிய கடமை, நீண்டகாலமாக மேலதிகாரிகளை நோக்கியே அமைந்திருந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதன் திசையை ஊர் மக்களின் பக்கமும் திருப்பியது.

அச்சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஆசிரியர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகியோருடன், குறைந்தது நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவை அரசுப் பள்ளிகளில் அமைக்கச் சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வந்த நிதி எவ்வாறு செலவானது என ஆராய்வதும், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறைத் தேவைகளைக் கணக்கிட்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அக்குழுவின் பணிகளாகும்.

அத்திட்டமே அரசின் நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாக வேண்டும் என்று 22ஆவது பிரிவு கூறினாலும், பெற்றோர் எழுதிய கோரிக்கைக்குக் குறித்த காலத்தில் பதில் அளிக்கும் கட்டாயம் அதிகாரிகளுக்கு இல்லையெனில், குழுக் கூட்டம் கையெழுத்துச் சடங்காகவே சுருங்கிவிடும். ஆகவே பதிலுக்கான காலக்கெடு, வரவுசெலவுக் கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தல், உறுப்பினர்களுக்கு முறையான பயிற்சி ஆகிய மூன்றையும் விதிகளாக்குவதே உண்மையான சீர்திருத்தத்தின் தொடக்கமாகும்.